ஈர்க்குச்சியால் வைத்த பொட்டு

என் அருமை சரோஜா அக்காவுக்கு,

அருமை என்று எழுதிவிட்டு, அதை அடித்துவிடலாமா என்று நெடுநேரம் யோசித்தேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். வாத்தியார் சொல்லிக்கொடுத்த கடிதம் இப்படித்தான் தொடங்கும், வேறு விதமாகத் தொடங்க எனக்குத் தெரியாது. அதனால் அருமை இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் நீ உயிரோடு இருந்த வரைக்கும் உன்னை 'நீங்க' என்றேன். இந்தக் கடிதத்தில் 'நீ'தான். ஏன் என்று போகப்போகத் தெரியும்.

முதலில் ஊர் நியாயம். செமிலிங்கில் இருக்கும் உன் வீட்டை உன் தம்பி பூட்டி வைத்திருக்கிறான். நீ திட்டித் திட்டியே வளர்த்த பப்பாளி இப்போது காய்த்துத் தள்ளுகிறது. திட்ட ஆளில்லாத நிம்மதியோ என்னவோ. பாடாங் மேஹா தோட்டத்தில் எங்கள் வீட்டு வரிசைக்குப் பின்னால் இருந்த பழைய ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டிருக்கிறார்கள். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் உட்கார முடியவில்லை.

துப்பாக்கி க்ளப்பில் உன் பெயரைப் பித்தளைத் தகட்டில் வெட்டி மாட்டியிருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை பெண்களுக்கு உன் பெயரில் போட்டி. கேடயத்தில் உன் படம், தொப்பி போட்டுக்கொண்டு சிரிக்கிறாய். அந்தச் சிரிப்பைப் பார்த்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

இதை ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். உன்னையும் என்னையும் தெரியாதவர்களும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்த கதையையே திரும்பவும் சொல்கிறேன். பொறுத்துக்கொள். நான் பொறுத்த அளவுக்கு இல்லை, கொஞ்சம்தான்.

கூலிம் பக்கம் செம்மண் மேட்டை வெட்டி அமைத்த அந்த க்ளப்பின் சுடுதளத்தில் நான் கூட்டிப் பெருக்குகிறவள், கோப்பி கலக்குகிறவள். சுட்டு முடித்தபின் தரையில் கிடக்கும் காலி பித்தளை ஓடுகளைப் பொறுக்கி, தரம் பிரித்து, வாளியில் போட்டு வைப்பதும் என் வேலை. நீ போலீஸில் சார்ஜனாக இருந்து ஓய்வு பெற்று அங்கே உறுப்பினராக வந்தாய். பண்டார் பாருவில் வேலை பார்த்தபோது மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, வலது மணிக்கட்டில் ஆணி வைத்திருந்தார்கள். கடையில் வாங்கும் தோட்டாவின் உதையை அந்தக் கை தாங்கவில்லை. பத்துத் தடவை சுட்டால் பதினோராவதற்கு விரல் மடங்காது.

"சார்ஜன் அக்கா, கையை நீட்டிச் சுடச் சொன்னா நீங்க என்னமோ கையை உதறி கொசு விரட்டுறீங்க" என்று நான்தான் முதல் நாள் கேலி செய்தேன்.

நீ முறைத்தாய். பிறகு சிரித்துவிட்டாய். "உனக்கு வாய் மட்டும்தானா, கையும் வேலை செய்யுமா?" என்று கேட்டு, தோட்டா அடைக்கிற அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாய்.

அங்கே மேசையில் ஒரு மெஷின். காலி ஓடு ஒன்றை வைத்து, அடியில் தீப்பொறி தரும் சின்ன மூடியை அழுத்தி, வெடிமருந்தை அளந்து கொட்டி, மேலே ஈயக் குண்டை இறக்க வேண்டும். கைப்பிடியை இழுத்துப் பார்த்தேன். "இது முறுக்கு உரல்தானேக்கா, இதுக்கா இவ்வளவு பந்தா?" என்றேன். ஒரு மாதத்தில் எனக்குக் கை வந்துவிட்டது. தராசில் ஒரு கசகசா எடை கூடினாலும் குறைந்தாலும் என் கண்ணுக்குத் தெரியும். நீதான் செயலாளரிடம் சண்டை போட்டு, க்ளப்பின் பெர்மிட்டில் என் பெயரைச் சேர்த்தாய். அந்த அறையின் கதவில் ஒட்டிய பட்டியலில், நாலு ஆண்களின் பெயருக்குக் கீழே ஐந்தாவதாக என் பெயர். அடையாள அட்டையைத் தவிர வேறெங்கும் என் பெயரை யாரும் அச்சடித்து நான் பார்த்ததில்லை. தினமும் அந்தக் கதவைத்தான் முதலில் துடைப்பேன். உனக்குத் தெரியும், பார்த்துவிட்டுக் கிண்டல் செய்திருக்கிறாய்.

உன் கைக்காக ஏழெட்டு மாதம் உழைத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? மருந்தைக் குறைத்தால் உதை குறையும். ரொம்பக் குறைத்தால் துப்பாக்கியின் மேல்பாகம் முழுசாகப் பின்னால் போகாது, அடுத்த தோட்டா ஏறாது. போட்டியில் வேறு, வேகம் பார்க்கும் பெட்டி வைத்திருப்பார்கள். குண்டு அதற்கென்று வைத்த வேகத்துக்குக் கீழே போனால் உன் சுடுதலே கணக்கில் வராது. கொஞ்சம் குறைப்போம், சுடுவோம், பெட்டியில் வேகம் பார்ப்போம், எழுதுவோம். மறுபடி கொஞ்சம் கூட்டுவோம். குண்டை மாற்றினோம், மருந்தை மாற்றினோம். கடைசியில் ஒரு நாள் நீ பத்தும் சுட்டுவிட்டுக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"என்னக்கா, வலிக்குதா?"

"இல்லடி. அடிக்கல. தள்ளுது. கூட்டத்துல யாரோ முழங்கையால இடிச்ச மாதிரிதான் இருக்கு."

அந்த மருந்து அளவுதான் நம் அளவு. அந்த அளவில் அடைத்து, ஓடு ஓடாக டார்ச் அடித்து உள்ளே மருந்து இருக்கிறதா என்று பார்த்து, தோட்டாப் பெட்டிக்குப் பத்து எடுத்துச் சுட்டு வேகம் சரி பார்த்த பிறகுதான், ஒவ்வொரு தோட்டாவின் அடியிலும் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு வைப்பேன். என் மகள் கல்யாணத்தில் மிஞ்சிய நகப்பூச்சு. பொட்டு இருந்தால் சோதித்த தோட்டா, போட்டிக்குப் போகலாம். பொட்டு இல்லாததைத் தளத்தைப் பார்த்துக்கொள்ளும் பாக் மான் உள்ளே விடமாட்டார். சீனர், மலாய்க்காரர் எல்லோரும் 'பெலுரு பொட்டு', அதாவது பொட்டுத் தோட்டா, என்றே கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள்.

"டார்ச் அடிச்சு அடிச்சு பாக்குறியே, நீ என்ன மருத்துவச்சியா?" என்று கேட்பாய்.

"தலை திரும்பியிருக்கான்னு பாக்குறேங்க்கா. அப்புறம் உள்ளயே மாட்டிக்கிட்டா நீங்கதான் கத்துவீங்க."

சும்மா சொன்னேன். அப்படியே நடந்தது.

மாநிலப் போட்டிக்கு மூன்று வாரம் இருந்தபோது, "இன்னும் கொஞ்சம் கொறச்சுக் குடு பாக்கியம்" என்றாய். முடியாதுக்கா, இதுக்குக் கீழே போனால் எப்போது என்ன செய்யும் என்று சொல்ல முடியாது என்றேன். "ஒரு துளிதான்டி." முடியாதுக்கா. "கை ரொம்பக் கடுக்குது." அப்படியானால் ரெண்டு வாரம் குடுங்க, துப்பாக்கிக்குள்ளே இருக்கும் ஸ்ப்ரிங்கை இளசாக மாற்றிப் பார்ப்போம், வேறு குண்டு வைத்துப் பார்ப்போம் என்றேன். "நீ ரொம்ப சட்டம் பேசுற" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய். நானும் சார்ஜனுக்கு ரோஷம் என்று சிரித்துவிட்டு இருந்துவிட்டேன்.

போட்டி நம் தளத்தில்தான். அன்று நான் கோப்பித் தட்டோடு பின்னால் நின்றேன். நீ நாலு சுட்டாய், நாலும் படீர். ஐந்தாவது 'பொட்'டென்று ஒரு சத்தம். பலூன் உடைந்தால்கூட அதைவிட நன்றாகக் கேட்கும். நீ துப்பாக்கியின் மேல்பாகத்தைத் தட்டி இழுத்துவிட்டு ஆறாவதைச் சுட விரலை வைத்துவிட்டாய்.

"பெர்ஹெந்தி!", நிறுத்து என்று பாக் மான் மலாயில் போட்ட கூச்சலில் தளமே நின்றது. அந்த மனிதர் சத்தம் போட்டு நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

துப்பாக்கியைக் கழற்றிப் பார்த்தார்கள். ஐந்தாவது குண்டு, தள்ள மருந்து போதாமல், குழாயின் பாதியில் சிக்கி நின்றது. ஆறாவதைச் சுட்டிருந்தால் குழாய் வெடித்திருக்கும். ஆணி வைத்த அந்தக் கை இருந்திருக்காது.

உன்னைப் போட்டியிலிருந்து இறக்கினார்கள். செயலாளர் வந்து உன் தோட்டாப் பெட்டியைத் திறந்து, ஒரு தோட்டாவைக் கவிழ்த்துப் பார்த்தார். சிவப்புப் பொட்டு. "சியாபா புவாட்?" என்றார். யார் அடைத்தது என்று கேட்கவே வேண்டாம், எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

நீ தரையைப் பார்த்தாய்.

நான் சொன்னேன், "சாயா." நான்தான் என்று. பொட்டு என்னுடையது, வேறென்ன சொல்வேன்? "கூட்டுற பொம்பளைகிட்ட மருந்தைக் குடுத்தா இப்படித்தான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல், தமிழில்தான். அன்று சாயங்காலமே கதவுப் பட்டியலில் என் பெயர் மேல் கோடு போட்டுவிட்டார்கள். தாளையாவது மாற்றினார்களா? இல்லை. கோடு போட்டு அப்படியே ஒட்டி வைத்தார்கள். அந்தக் கதவை நான்தான் துடைக்க வேண்டும்.

திரும்பும்போது உன் காரில் என்னைப் பாடாங் மேஹா வரைக்கும் கொண்டு வந்து விட்டாய். வழி முழுக்க அழுதேன். எந்த ஓட்டில் டார்ச் அடிக்கத் தவறினேன் என்று மனசுக்குள் ஒவ்வொன்றாகத் தேடினேன். உன் கை போயிருக்குமே என்று நினைத்து நினைத்து, மன்னிச்சிருங்கக்கா என்றேன். ஒரு தடவை இல்லை. கார் கிளம்பும்போது ஒரு தடவை, சந்தைக்கடை முச்சந்தியில் ஒரு தடவை, வீட்டு வாசலில் இறங்கும்போது ஒரு தடவை. மூன்று தடவை.

மூன்று தடவையும் நீ "பரவால்ல பாக்கியம்" என்றாய்.

அடுத்த மூன்று மாதம் நீ க்ளப்புக்கு வரவில்லை. என் தோட்டா மேல் இருக்கும் பயத்தில்தான் சுடவே வரமாட்டேன் என்கிறாய் என்று நினைத்து, ரெண்டு தடவை செமிலிங்குக்குப் பஸ் ஏறி வந்து பார்த்தேன். மீன் குழம்பு வைத்துக் கொடுத்தாய். முள்ளைக்கூட எடுத்துப் போட்டாய். அதற்கு முன் எந்தக் காலத்தில் எனக்கு முள் எடுத்தாய்? அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஒரு காலையில் உன் தம்பி போன் செய்தான், மார்வலி, ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்று. உனக்கு வாய்க்கரிசி போட்ட கையும் இந்தக் கைதான். அப்போதும் மனசுக்குள் மன்னிச்சிருங்க என்றுதான் சொன்னேன். நாலாவது தடவை. அதற்கு நீ பதில் சொல்லவில்லை, அது ஒன்றுதான் நீ நியாயமாக நடந்துகொண்டது.

உன் பெயரில் இருந்த துப்பாக்கியைப் போலீஸ் வாங்கிக்கொண்டது. க்ளப் அலமாரியில் மிச்சம் இருந்த உன் போட்டித் தோட்டாக்களைப் பிரித்து அழித்துவிட வேண்டும் என்று உத்தரவு. சலிப்புப் பிடித்த வேலை. பிளாஸ்டிக் சுத்தியலின் தலையில் தோட்டாவை மாட்டித் தரையில் தட்டினால் குண்டு கழன்று வரும், மருந்து கொட்டும். ஒன்று ஒன்றாகத் தட்ட வேண்டும். ஒருத்தரும் முன்வரவில்லை. "பாக்கியம் செய்யட்டும், நான் பக்கத்துல இருக்கேன்" என்று பாக் மான் கேட்டு ஒரு நாளைக்கு மட்டும் அனுமதி வாங்கினார். என் தப்பை என் கையாலேயே உடைக்கட்டும் என்று செயலாளரும் நினைத்திருப்பார்.

தட்டினேன். எங்கே தப்பினேன் என்று தெரிந்தாக வேண்டும், அதனால் ஒவ்வொன்றின் மருந்தையும் தராசில் வைத்தேன். முதல் வரிசை, சரி. இரண்டாவது, சரி. ஒரு கசகசா வித்தியாசம் இல்லை. மூன்றாவது வரிசையில் முதல் தோட்டா, மருந்து குறைவு. அடுத்தது அதைவிடக் குறைவு. அதற்கடுத்தது பாதிகூட இல்லை. தராசு கெட்டுவிட்டதோ என்று எடைக்கல்லை வைத்துப் பார்த்தேன். தராசு நன்றாகத்தான் இருந்தது.

அப்புறம்தான் ஓடுகளைக் கவிழ்த்து வைத்துப் பார்த்தேன்.

அக்கா, நான் நகப்பூச்சுத் தூரிகையால் பொட்டு வைக்கமாட்டேன். தூரிகை அதிகமாக இழுத்து வரும், விளிம்பில் வழியும். துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, அதன் நுனியால் தொட்டு வைப்பேன். கடுகளவுதான் இருக்கும், உருண்டையாக. மூன்றாவது வரிசையிலிருந்து கடைசி வரிசை வரைக்கும் பொட்டு தூரிகையால் வைத்தது. பெரிசு. விளிம்பைத் தாண்டி வழிந்திருக்கிறது. நடுங்கின கை. நிறம்கூட என்னுடையது இல்லை. கொஞ்சம் ரோஸ் கலந்தது, உன் தங்கை மகள் சடங்குக்கு நீ வாங்கினாயே, அது.

என்னிடம் கேட்டாய், நான் முடியாது என்றேன். சரி, நீயாக அடைத்துக்கொண்டாய். அதுகூடப் பரவாயில்லை, நீயும் உறுப்பினர்தான், உன் கை, உன் வலி. கண்ணாடி போடாமல் அளந்தாய், டார்ச் அடிக்கவில்லை, அதையும் விடு. என் பொட்டை ஏன் வைத்தாய்? பாக் மான் விடமாட்டார் என்பதற்காகவா? நான் கண்டுபிடித்துவிடுவேன் என்பதற்காகவா? செயலாளர் "யார் அடைத்தது" என்று கேட்டபோது உன் வாயில் என்ன இருந்தது? காரில் மூன்று தடவை கேட்டேனே, ஒரு தடவையாவது, போதும் நிறுத்து, நான்தான்டி என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? முச்சந்தியில் சிவப்பு விளக்கில் நின்றோமே, அந்த நேரம் போதாதா?

பாக் மான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ரெண்டு விதப் பொட்டையும் எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு, "ஹாங் பூஞ்ஞா சூக்கா லா" என்றார். உன் இஷ்டம், சொன்னால் சாட்சிக்கு வருவேன், சொல்லாவிட்டால் மறந்துவிடுவேன் என்று அர்த்தம்.

எனக்கு ஒரு வாரம் தூக்கமில்லை. செத்தவளைக் குற்றம் சொல்லலாமா? உன் பெயரில் கேடயம் செய்யக் கொடுத்திருந்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் நாலு பேர் பாக்கியம் நல்லவள் என்பார்கள். அதுவும் சொல்லமாட்டார்கள் அக்கா, அவர்களுக்குத்தான் ஒன்றும் தெரியாதே. மருந்து அளக்கத் தெரியாத கூட்டுக்காரி என்றுதான் சொல்வார்கள். கதவைத் துடைக்கும்போதெல்லாம் கோட்டுக்கு அடியில் என் பெயர் தெரிந்தது. எட்டாம் நாள் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே போட்டேன்.

செயலாளர் மேசையில் ஓடுகளை ரெண்டு வரிசையாக வைத்தேன். பக்கத்தில் எடை எழுதின தாள், பாக் மான் கையெழுத்தோடு. செயலாளருக்குத் தமிழ் தெரியும், சின்ன வயதில் தோட்டத்தில் வளர்ந்தவர். தாளைப் படித்தார், ஓடுகளை எடுத்துப் பார்த்தார்.

"அவங்க போய்ட்டாங்க பாக்கியம். இப்ப இதைக் கிளறணுமா?"

"போனவங்க பேரு பித்தளையில இருக்கு சார். இருக்கிறவ பேரு மேல கோடு இருக்கு."

"அப்ப கேடயத்தை என்ன பண்றது? நிறுத்திடவா?"

"அதை எதுக்கு நிறுத்துறீங்க? அவங்க நல்லா சுட்டாங்க, அதுக்குக் கேடயம். நான் நல்லா அடைச்சேன், அதுக்குக் கதவு. அது வேற, இது வேற."

அன்றே புதுத் தாள் அடித்து ஒட்டினார்கள். என் பெயர் ஐந்தாவதாகவே இருக்கிறது, கோடு இல்லாமல். பின்னாலிருந்து பேசின அந்தத் தமிழ்க் குரல்காரர் மறுநாள் கோப்பிக்கு வந்தார். சீனி இருக்கிறதா என்று கேட்டார். "கூட்டுற பொம்பள கலக்குறது, அளவு தெரியாமப் போட்டிருப்பேன், பாத்துக் குடிங்கண்ணே" என்றேன். குடிக்காமலே போய்விட்டார். நீ இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்ததும் மறுபடி கோபம்.

இன்னும் ஒன்று சொல்கிறேன், இதுதான் எனக்கு ஆறவே இல்லை. பெயர் திரும்பி வந்த பிறகு, நீ கேட்டதைச் செய்து பார்த்தேன். அன்று சொன்னேனே, இளசான ஸ்ப்ரிங், வேறு குண்டு, அதேதான். பாக் மான் சுட்டார், நான் வேகம் பார்த்தேன். பெட்டி பெட்டியாகச் சுட்டோம், ஒன்றுகூட உள்ளே சிக்கி நிற்கவில்லை, வேகமும் குறையவில்லை. உதை நம் பழைய அளவைவிடக் குறைவு. பிள்ளைத்தாய்ச்சி வயிற்றில் பிள்ளை அசைகிற மாதிரிதான் கையில் தெரிகிறது. இதற்கு எத்தனை நாள் ஆனது தெரியுமா? பன்னிரண்டு. ரெண்டு வாரம் குடுங்க என்று கேட்டேன், ரெண்டு நாள் மிச்சம்.

முடிந்திருக்கும் அக்கா. உன் கைக்கு முடிந்திருக்கும். ரோஷத்துக்குப் பதில் பொறுமை இருந்திருந்தால்.

புதுத் தோட்டாவுக்கு உன் பெயர் வைக்கலாமா என்று பாக் மான் கேட்டார். வேண்டாம் என்றுவிட்டேன். பெட்டி மேல் என் பெயர்தான். ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். உன் பெயரில் நடக்கும் போட்டிக்கு வருஷா வருஷம் நான்தான் அடைப்பேன். கை வலிக்கிற, மணிக்கட்டு தேய்ந்த, ஆணி வைத்த எவள் வந்து நின்றாலும், உன் கேடயத்துக்காகச் சுடுகிற ஒருத்தியின் துப்பாக்கியிலும் என் தோட்டா நிற்காது. டார்ச் அடித்துப் பார்த்து, ஈர்க்குச்சியால் பொட்டு வைத்துத்தான் கொடுப்பேன். உடம்பில் தெம்பு இருக்கும் வரைக்கும்.

ஒரு நாள் நானும் அங்கேதான் வருவேன். வாசலிலேயே நில். மூன்று தடவை மன்னிப்புக் கேட்க வேண்டும். முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் நான் பரவால்ல என்று சொல்ல மாட்டேன். மூன்றாவதற்கு, உன் முகத்தைப் பார்த்துவிட்டு யோசிக்கிறேன்.

இப்படிக்கு,
உன்னோடு பேசக்கூடாது என்று உட்கார்ந்து நாலு தாள் எழுதிவிட்ட தங்கச்சி,
பாக்கியம்
பாடாங் மேஹா